பச்சோந்திக்கு முப்பத்தொரு நாள் விரதம்

போன செவ்வாய்க்கிழமை காலை ட்ராமில் என் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து, மூன்று இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

என்னில் கறி மணம் இல்லை. அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு. வெளியே போகிற சட்டைகளைத் தனி அலுமாரியில்தான் தொங்கவிடுவேன். காரணம் என் மடியில் இருந்த பெட்டி. பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் இருபத்துநான்கு துளைகள். உள்ளே சில்வண்டுகள். ட்ராம் ஓடும்போது பேசாமல் இருக்கும். நிறுத்தத்தில் நின்றதும் ஒன்று தொடங்கும்.

ஏழு நிறுத்தங்கள். ஏழிலும் பாடியது.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஜெர்மனில் சொன்னேன். ஏன் இதைக் கொண்டு போகிறீர்கள் என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். ஏழு நிறுத்தத்துக்குள் சொல்லி முடிக்கிற கதையா இது?

உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் எழுந்து போகமாட்டீர்கள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். எண்ணுவேன். எங்கள் வீட்டுக்கு ஐம்பத்துநான்கு படிகள். மருந்துக்கடையில் எனக்கு முன்னால் எத்தனை பேர், கோவிலில் ஐயர் எத்தனை தரம் மணி அடித்தார், எல்லாம் தெரியும். எசன் நகருக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஒரு திருகாணித் தொழிற்சாலையில் பொதி செய்யும் பகுதியில் நின்றேன். பெட்டிக்கு இருநூறு. இயந்திரம் எண்ணும். நான் இயந்திரத்தைச் சரிபார்ப்பேன். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு ஆணி இல்லை. மற்ற எல்லாவற்றையும் எண்ணுகிறேன்.

இதற்காக என்னை ஓயாமல் கேலி செய்த ஒரே மனிதன் என் மச்சான் குகன். என் மனைவி பவானியின் ஒரே தம்பி.

"அத்தான், நீங்கள் செத்து மேலை போனாலும் உள்ளுக்குப் போகமாட்டியள். வாசல்படியை எண்ணிக்கொண்டு நிப்பியள்" என்பான்.

குகன் ட்ராம் ஓட்டுநர். கல்யாணம் செய்யவில்லை. ஐம்பத்தேழு வயது. எங்கள் வீட்டிலிருந்து ஏழு நிறுத்தம் தள்ளி, இரண்டு அறை வீடு. அந்த வீட்டில் அவனோடு இருந்தது ஒரு பச்சோந்தி.

நாய் வளர்க்கிற தமிழரை இங்கே பார்த்திருக்கிறேன். பூனை, கிளி, மீன்... பச்சோந்தி? ஏன் என்று கேட்டால், "அது என்னைக் கேள்வி கேக்காது" என்பான். அதன் தலையில் பழைய வெள்ளைக்காரத் துரைமார் போட்ட தொப்பி மாதிரி ஒரு மேடு. அதனால் பெயர் துரை. பேச்சில் எப்போதும் மரியாதையாகத் துரையர்.

துரையருக்குக் கூடு கிடையாது. யன்னலோரம் ஒரு பெரிய சாடியில் என் உயரத்துக்கு மரம். மேலே சூட்டு விளக்கு. அவ்வளவுதான் அவருடைய நாடு. பச்சோந்திக்குத் தரை பிடிக்காது, கிளைதான் வேண்டும் என்று குகன் சொல்வான். ஆகவே துரையர் ஓடிப்போகமாட்டார். ஓடிப்போவது அவருடைய சாப்பாடுதான்.

அவர் உயிருள்ள பூச்சி மட்டும் தின்பார். அசைந்தால்தான் அது உணவு; அசையாவிட்டால் குப்பை. கூடு இருந்தால் பூச்சியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தலாம். திறந்த மரத்தில் அது நடக்குமா? வழவழப்பான, ஆழமான ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கிளையில் தொங்கவிட்டு, அதற்குள் சில்வண்டுகளைப் போடவேண்டும். அவற்றால் ஏறி வெளியே வர ஏலாது. துரையர் மேலிருந்து எட்டிப் பார்ப்பார். ஒரு கண் கப்பை, மறு கண் உங்களை. பிறகு நாக்கு. அது போவதும் வருவதும் தெரியாது... என் வாழ்க்கையில் என்னால் எண்ண முடியாமல் போன ஒரே வேகம் அதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னர் ஒரு கோடையில் குகன் கனடாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனான். இரண்டு கிழமை துரையருக்குச் சாப்பாடு என் பொறுப்பு. முதல் நாளே கப்பைத் தொங்கவிட மறந்து பெட்டியைத் திறந்தேன். பதினொன்று பாய்ந்தன. எட்டைப் பிடித்தேன். மூன்றைக் கடைசிவரை காணவில்லை. புத்தக அலுமாரிக்குப் பின்னாலிருந்து சத்தம் மட்டும் வந்தது.

தொலைபேசியில் சொன்னபோது குகன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "பரவாயில்லை அத்தான். மூண்டு பாட்டுக்காரர் எனக்குத் துணைக்கு இருக்கட்டும்."

அப்போது எனக்காக அவன் ஐந்து வரியில் ஒரு தாள் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தான். அந்தத் தாளை மறக்காதீர்கள். நான் மறந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் புரட்டாசி முடிகிற நேரம் குகன் இறந்துபோனான்.

நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்று இரண்டு தரம் சொல்லியிருந்தான். இருதய வைத்தியரைச் சந்திக்க டெர்மின், அதாவது நேரம், கேட்டான். நாற்பத்துமூன்று நாள் கழித்து ஒரு திகதி தந்தார்கள். நான் கலண்டரில் எண்ணிச் சொன்னேன்: "நாப்பத்துமூண்டு நாள்தானே குகன். கண்ணை மூடித் திறக்க ஓடிவிடும்."

பத்தொன்பதாம் நாள், வேலைக்குப் போக உடுத்திக்கொண்டு சப்பாத்து மாட்டுகிற கதிரையில் இருந்தபடியே போய்விட்டான்.

நான் அவனுக்குச் சொன்ன கடைசி ஆறுதல் ஒரு இலக்கம். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

அடுத்த நாள் அவன் வீட்டைப் பூட்டப் போனோம். பவானி உள்ளே வந்து தம்பியின் உடுப்பையோ படங்களையோ பார்க்கவில்லை. நேரே மரத்தடிக்குப் போனாள். துரையர் ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார்.

"இவரைக் கொண்டுபோவம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மரம், விளக்கு, கப், சில்வண்டுப் பெட்டி இரண்டு... குகனோடு வேலை செய்த ஒருவரின் வான் வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றி, ஐம்பத்துநான்கு படிகளாலும் தூக்கி, எங்கள் வரவேற்பறை யன்னலோரம் வைத்தோம். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த தாளையும் கழற்றி எடுத்தேன்.

அன்று முதல் பவானிக்கு ஒரே ஒரு கவலைதான். குகனுடைய உயிர் இல்லை. குகன் வளர்த்த உயிர் இருக்கிறது. அது இருக்கவேண்டும். தம்பியின் செத்தவீட்டில் கூடப் பெரிதாக அழாதவள், காலை எழும்பியதும் யன்னலடியில் நின்று, "துரையர் முழிச்சிட்டாரே?" என்று கேட்பாள்.

ஆனால் ஒரு சிக்கல். நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

முப்பத்தொன்று.

எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. இறந்த நாளிலிருந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரை துடக்கு வீடு, தீட்டு. மீன், இறைச்சி, மச்சம் ஒன்றும் இல்லை. முட்டையும் இல்லை. பவானி வீட்டார் இதில் மற்றவர்களைவிட ஒரு படி கூட. குகனின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது. அந்த வீட்டில் ஒரு உயிரும் போகக்கூடாது. நுளம்பைக்கூட அடிக்காமல் யன்னலைத் திறந்து கலைப்பாள்.

மூன்றாம் நாள் நான் கப்பையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வரவேற்பறைக்கு வந்தேன். பவானி எழுந்து மரத்துக்கு முன்னால் நின்றாள்.

"இஞ்சரப்பா, என்ன செய்யிறியள்?"

"சாப்பாடு."

"படத்துக்கு முன்னாலையோ? உயிரோடை?"

அது அப்படித்தானே தின்னும் என்றேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நான் அவனுக்கு அக்கா. அவன் நெஞ்சு நோகுது எண்டு சொல்லேக்கை ஒண்டும் செய்யேல்லை. இந்த முப்பத்தொண்டையாவது ஒழுங்காச் செய்வம்."

ஒன்றும் செய்யாதவர்களில் நானும் ஒருவன். பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கீழே நிலவறையில், கெல்லரில் வைத்தேன்.

பிறகு தொடங்கியது துரையரின் சைவம். கீரை வைத்தாள். கரட்டைத் துருவி வைத்தாள். பூச்சாடியில் இருந்த செவ்வரத்தம் பூவைப் பிய்த்து நூலில் கட்டித் தொங்கவிட்டாள். நூல் ஆடியது, பூ அசைந்தது. துரையர் இரண்டு இதழ் தின்றார்.

"பாத்தியளே! அவருக்கும் தெரியுது" என்றாள். பத்து நாளில் அவள் முகத்தில் நான் பார்த்த ஒரே வெளிச்சம்.

இந்த ஜாதி இலை, பூ கொஞ்சம் கடிக்கும். ஆனால் கொஞ்சம்தான். நான் கணக்குப் போட்டேன். இரண்டு நாளுக்கு ஆறு பூச்சி தின்கிறவர், ஏழு நாளில் தின்றது ஐந்து இதழ். முப்பத்தொன்று வரை இன்னும் இருபத்துச் சொச்சம் நாள். செத்தவீட்டு அலுவல்களுக்கு நடுவில் — இந்த நாட்டில் எல்லாக் கடதாசியும் முடிந்து ஒன்பதாம் நாள்தான் தகனம் — இந்தக் கணக்கு என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

பத்தாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தேன். அறிவாளி இல்லையா நான்!

பல்கனி.

இங்கே நம்மவர் வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். பல்கனி என்பது வீட்டுக்குள் சேர்த்தி இல்லை. கந்தசஷ்டிக்குப் பவானி விரதம் இருக்கும்போது, எனக்கு மீன் வேண்டுமென்றால் பல்கனியில் மின்னடுப்பை வைத்து நானே பொரித்து, அங்கேயே நின்று தின்று, சட்டியையும் அங்கேயே கழுவிவிட்டு உள்ளே வருவேன். முப்பது வருஷமாக இதுதான் சட்டம். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் சைவம், அந்தப் பக்கம் மச்சம். வீடும் சுத்தம், நாக்கும் சமாதானம்.

"பல்கனியிலை வைச்சுக் குடுக்கட்டே?" என்று கேட்டேன்.

பவானி மரத்தடிக்கு வந்தாள். துரையரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள்.

"கதவைச் சாத்திப்போட்டுக் குடுங்கோ. நான் பாக்கமாட்டன்."

இருவருக்கும் நிம்மதி.

துரையரைக் கூட்டுகிற தும்புத்தடிப் பிடியில் ஏறவைத்து வெளியே கொண்டுபோனேன். உடுப்புக் காயப்போடுகிற கம்பியில் அவர் நின்றார். பக்கத்தில் உடுப்புக் கிளிப்பால் கப்பை மாட்டினேன். எண்ணி ஆறு. குகனின் தாளில் இருந்தபடி, ஆறு. அன்று நல்ல வெயில். இருபது நிமிஷத்தில் ஐந்து போய்விட்டது. எனக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது.

பன்னிரண்டாம் நாள் நான்கு. பதினாலாம் நாள் இரண்டு. பதினாறாம் நாள் ஒன்று.

ஏன் குறைகிறது? யோசித்தேன். நேரம் போதவில்லையாக்கும்... வயதானவர்களைப் போல ஆறுதலாகத் தின்கிறாராக்கும். இருபது நிமிஷத்தை அரை மணித்தியாலம் ஆக்கினேன். பிறகு முக்கால். அவர் தின்பது குறையக் குறைய, நான் அவரை வெளியே வைத்திருக்கிற நேரத்தைக் கூட்டினேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மேற்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்று எண்ணினேன்.

துரையரின் நிறமும் மாறியது. பச்சை போய் மண்ணிறம், பிறகு கறுப்பு மாதிரி. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மரத்தடியில் நின்று பார்த்தார்கள். "பாருங்கோ அக்கா, வாயில்லாச் சீவன். அதுவும் துக்கம் காக்குது" என்றார் ஒரு அம்மா. பவானி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நானும் நம்பினேன். எசமான் போனதால் கறுப்பு உடுத்திய துரையர்! யாருக்குத்தான் நெஞ்சு இளகாது?

பதினெட்டாம் நாள் ஒரு மணித்தியாலம். ஒன்றும் இல்லை. ஆறும் ஆறாகவே திரும்பின.

அன்று பின்னேரம் துரையர் வாயைத் திறந்தபடி மூச்சு விட்டார். உள்ளே கொதிக்கிற கேத்தில் மாதிரி ஒரு சிறு சத்தம்.

ஊர்வனவற்றைப் பார்க்கிற மிருக வைத்தியர் பக்கத்து நகரத்தில் இருக்கிறார். தொலைபேசியில் கேட்டேன். ஒன்பது நாள் கழித்து டெர்மின் தரலாம் என்றார்கள்.

ஒன்பது. என் வாய் பழக்கத்தில், "ஒன்பது நாள்தானே" என்று சொல்லப் போனது. சொல்லவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, கலண்டர் பக்கம் திரும்பாமல் படுக்கைக்குப் போனேன்.

மறுநாள் காலை டெர்மின் இல்லாமலே போய்க் குந்தினேன். துரையர் ஒரு பெட்டிக்குள், சுடுதண்ணீர்ப் போத்தலோடு. வரவேற்பு மேசையில் இருந்த பெண் மூன்று தரம் முடியாது என்றார். நான் மூன்று தரமும் சரி என்றுவிட்டு அதே கதிரையில் இருந்தேன். குகனுக்காக இப்படி ஒரு கதிரையில் நான் இருந்திருக்கலாம். நாலு மணித்தியாலம் அந்த ஒரு நினைப்போடுதான் இருந்தேன்.

கடைசியில் வைத்தியர் கூப்பிட்டார். இளம் பெண். துரையரின் வாயைத் திறந்து பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். எங்கே வைத்து உணவு கொடுக்கிறீர்கள், என்ன வெப்பநிலை என்று கேட்டார்.

வெப்பநிலையா? என்னிடமா கேட்கிறார்! எண்ணுவதையெல்லாம் எழுதிவைக்கிற டயறியை எடுத்துப் பெருமையோடு மேசையில் விரித்தேன். பல்கனிக் கதவில் வெப்பமானி இருக்கிறது. பார்க்காத நாள் இல்லை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். மேலே டிகிரி. நடுவில் எத்தனை பூச்சி. கீழே எத்தனை நிமிஷம்.

அவருக்குத் தமிழ் தெரியாது. இலக்கங்களுக்குத் தமிழ் தேவையில்லையே. பதினேழு, ஐந்து, இருபது. பதின்மூன்று, நான்கு, இருபது. பதினொன்று, இரண்டு, முப்பது. ஒன்பது, ஒன்று, நாற்பத்தைந்து. எட்டு, பூச்சியம், அறுபது.

அவர் விரலால் மேலிருந்து கீழே மெல்ல இழுத்துக்கொண்டு போனார். கடைசிக் கட்டத்தில் விரலை நிறுத்தினார்.

எல்லாம் என் கையெழுத்து. எல்லாம் ஒரே கட்டத்துக்குள். பத்து நாளாக நான் எழுதினேனே தவிர, ஒரு தரமாவது வாசித்தேனா?

குளிரில் அதன் உடம்பு நின்றுபோகும் என்று பிறகு ஆறுதலாக விளக்கினார். நாக்கு எறியாது, தின்றாலும் செமிக்காது, நெஞ்சில் சளி கட்டும். கறுத்தது துக்கத்தால் இல்லையாம். கிடைக்கிற கொஞ்சச் சூட்டையும் உறிஞ்சி எடுக்கத்தானாம். ஊசி போட்டார். சூட்டில் வைத்திருங்கள், எப்படியாவது தின்னவையுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து குகனின் தாளை எடுத்து வாசித்தேன். ஐந்து வரி.

ஒருநாள் விட்டு ஒருநாள், 6. கப்பில் மட்டும் போடவும், வெளியே விட்டால் உங்கள் பாடு. கல்சியம் மாவில் பிரட்டவும். இலையில் தண்ணீர் தெளிக்கவும், 2 தரம். ஐந்தாவது வரி இது: "லைற்றில் சூடேறின பிறகுதான் குடுக்கோணும் அத்தான். இவருக்குச் சொந்தச் சூடு இல்லை."

அந்த வரியில் இலக்கம் இல்லை. அதனால் என் கண் அதில் நிற்கவில்லை.

பவானியிடம் மறைக்கவில்லை. பல்கனி என்றது நான், நேரத்தைக் கூட்டியது நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"கதவைச் சாத்தச் சொன்னது நான்" என்றாள்.

இருபதாம் நாள் காலை. விளக்கைப் போட்டு ஒரு மணித்தியாலம் பொறுத்தாள். பிறகு என்னைக் கெல்லருக்கு அனுப்பிப் பெட்டியை எடுப்பித்தாள். குளித்து, திருநீறு பூசி, தம்பியின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"குகன், நீ குறை நினைக்காதை" என்றாள். படத்தைத் திருப்பி வைக்கவில்லை. விளக்கை அணைக்கவும் இல்லை.

துடக்கு வீட்டில் நுளம்பு அடிக்காத பவானி, இடுக்கியால் ஒரு சில்வண்டைப் பிடித்துத் துரையரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். கை நடுங்கியது. அந்த நடுக்கமே பூச்சியை நன்றாக அசைத்தது. துரையரின் ஒரு கண் திரும்பியது. மற்றக் கண்ணும் மெல்ல வந்து சேர்ந்தது. நாக்கு வந்தது — பழைய வேகம் இல்லை, பாதி வழியில் விழுந்தது. பவானி கையை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். இரண்டாம் தரம் பிடித்துவிட்டார்.

"ஒண்டு" என்றாள் பவானி.

நாற்பத்தொரு வருஷம் என்னோடு வாழ்ந்தவள். எதையும் எண்ணி நான் கேட்டதில்லை.

"ரெண்டு" என்றாள் கொஞ்ச நேரத்தில். இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, படத்துக்கு முன்னால் நிலத்தில் இருந்து அழுதாள். செத்தவீட்டில் அழவேண்டியது, தகனத்தில் அழவேண்டியது எல்லாம் சேர்த்து. நான் விளக்குக்கு எண்ணெய் விட்டேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

இருபத்திரண்டாம் நாள் ஒன்று தின்றார். இருபத்துநாலாம் நாள் கண்ணைத் திறக்கவில்லை.

இருபத்தைந்தாம் நாள் விடிய, கிளையில் இருந்தபடியே போயிருந்தார். நாலு காலும் கிளையை இறுக்கிப் பிடித்திருந்தன. ஒவ்வொரு விரலாகப் பவானிதான் கழற்றி எடுத்தாள். நான் எண்ணவில்லை. நிறம் மட்டும் திரும்பி வந்திருந்தது. கறுப்புப் போய், வெளிறின பச்சை.

வைத்தியரிடமே கொண்டுபோய்க் கொடுத்தோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. ஐயர் திருப்தி. வந்த சனம் திருப்தி. எல்லா முறையும் தவறாமல் செய்தீர்கள் என்று எங்களைப் பாராட்டினார்கள்.

மனிதனுக்கு ஒரு பழக்கம். பெரிய பாரத்தைத் தூக்க முடியாத நேரத்தில், சின்ன ஒழுங்கொன்றைப் பிடித்துக்கொள்கிறான். பவானிக்கு முப்பத்தொன்று. எனக்கு டயறி. இரண்டிலும் பிழை இல்லை. பிழையில்லாத இரண்டு பேருக்கு நடுவில் ஒரு உயிர் குளிரில் நின்றது... அவ்வளவுதான்.

மரத்தைக் கோவிலுக்குக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, பவானி கெல்லருக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குசினி யன்னலில் வைத்து, கரட்டைச் சின்னத் துண்டுகளாக வெட்டி உள்ளே போட்டாள்.

"இது என்ன?" என்றேன்.

"குகன் வாங்கினது" என்றாள். "அவன் தன்ரை கையாலை தூக்கிக்கொண்டு வந்தது. எத்தினை கிடக்கு எண்டு பாருங்கோ."

எண்ணினேன். பதினாலு.

அந்தப் பதினாலும் இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகள். காலையில் கரட். வெள்ளிக்கிழமை கீரை. இலையில் தண்ணீர் தெளித்து வைப்பாள். குகனின் தாளில் ஐந்தாவது வரியைப் பார்த்துவிட்டு, அவற்றுக்கும் சூட்டு விளக்கைப் பொருத்தியிருக்கிறாள். பின்னேரம் அவை பாடத் தொடங்கினால் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பாள். ஒவ்வொரு நாளும் என்னைத்தான் கேட்பாள், எத்தினை என்று. அவள் குனிந்து பார்க்கமாட்டாள். எண்ணுவது என் வேலை.

சில்வண்டுக்கு ஆயுள் எவ்வளவு என்று தேடிப் பார்த்தேன். கிழமைக் கணக்குத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை எண்ணியபோது ஒன்பது இருந்தன. செத்த ஐந்தையும் அவள் காணமுதல் எடுத்து, பூச்சாடி மண்ணுக்குள் தாட்டேன். பவானி குசினிக்குள் இருந்து கேட்டாள். எழுபத்துநான்கு வயதில், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு எண்ணிக்கையை மாற்றிச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை ட்ராம் எடுத்தேன். குகன் ஓட்டிய அதே வழி. அவன் வீட்டு நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான் அந்தக் கடை இருக்கிறது. திரும்பி வரும் வழியில்தான் அந்தப் பெண் எழுந்து போனார். பவானி கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஐந்தை எடுத்துப் பழைய பெட்டிக்குள் விட்டேன். மிச்சம் கெல்லரில் இருக்கிறது. இனியும் தேவைப்படும்.

பவானி இந்தப் பத்தியை ஒருநாளும் வாசித்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். நீங்கள் அவளைக் கோவிலில் காண்பீர்கள், தமிழ்க் கடையில் காண்பீர்கள். பேச்சுவாக்கில் கேட்டாளானால், தயவுசெய்து...

பதினாலு என்று சொல்லுங்கள்.